விருந்தினர் வைஃபையில் ஒரு எக்ஸ்ரே மெஷின்

என் மாமா, சொந்த நிழலிடமே அடையாள அட்டை கேட்கிற ரகம். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்?

அங்கே இரண்டு வைஃபை. ஒன்று ஊழியர்களுக்கு. மற்றது விருந்தினருக்கு. விருந்தினர் உள்ளே நுழைய, ஊழியர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று திரை கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் பாஸ்வேர்டு வரும். சாயங்காலம் அது செத்துவிடும்.

வீட்டில் வைஃபையே கிடையாது. "பக்கத்து வீட்டுக்காரன் திருடிடுவான்" என்பார் மாமா. அந்த அப்பாவிக்கு டிவி ரிமோட்டையே அழுத்தத் தெரியாது. திருடன் குழம்பட்டும் என்று மாமா தன் போனுக்கு 'பிரிண்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

போன மாதம், மத்தியானமானால் விருந்தினர் வைஃபையில் 'எக்ஸ்ரே மெஷின்' என்று ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது. கூடத்தில் அப்படி ஒரு மெஷினே இல்லை. தினம் ஒரு விஞ்ஞானி அதற்கு ஜாமீன். விசாரித்தால் உஷாராகிவிடுவார்கள் என்று மாமா ஒருவரையும் கேட்கவில்லை. இயக்குநர் பொறுமையிழந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

மாமாவின் முதல் சந்தேகம் என்மேல். நியாயம்தான், என் சரித்திரம் அப்படி. வெள்ளிக்கிழமை என்னை இழுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ இங்க இருக்கும்போது அது வந்தா, நீ இல்ல."

வந்தது. மாமாவின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ நீ இல்லையாடா?"

"மன்னிச்சுக்கோங்க மாமா."

வாசலோரக் காத்திருப்பு அறையின் வைஃபை பெட்டியில்தான் அது ஒட்டியிருந்தது. பூனை நடை நடந்து போனோம். உள்ளே அத்தை! மாமாவுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, "ஒரே ஒரு சிரிப்புடி தங்கம், தாத்தாவுக்குச் சோறு ஆறுது" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். தூரதேசத்தில் இருக்கும் மகள், பிறந்த குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானா எக்ஸ்ரே மெஷின்?"

"என்னைப் பார்த்தா மெஷின் மாதிரியா இருக்கு?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேனே. சொந்தக்காரங்களுக்குத் தரமாட்டேன்னீங்க. அதான் போற வர்ற பிள்ளைங்ககிட்ட கேட்டேன். உங்க பொண்டாட்டின்னு மட்டும் சொல்லல, பயந்துடுவாங்க."

"போனுக்கு எவன் இந்தப் பேரு வச்சான்?"

அது மாமாவின் பழைய போன். அத்தை அவரையே பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

போனுக்குள் குழந்தை கொட்டாவி விட்டது. மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகச் சோதனை போட்டார். இரண்டு மாதக் குழந்தை, அவர் இதுவரை பார்க்காத முகம்.

"மூக்கு யாருது?" என்றார் சந்தேகமாக.

"உங்களுதுதான். பாவம் பிள்ளை."

நேரே இயக்குநரிடம் போனார். "எக்ஸ்ரே மெஷின் என் பொண்டாட்டி சார். பேர் வச்சது நான்."

இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. பிறகு கேட்டார்: "இனிமே அவங்களுக்கு யாரு ஜாமீன்?"

"நான்தான் சார்."

வேலை தப்பியது. திங்கட்கிழமை அத்தைக்கு ஜாமீனாக மாமாவே தன் பெயரைத் தட்டினார். 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டது திரை.

அத்தையை மேலும் கீழும் பார்த்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் 'ஆம்' என்று அழுத்தினார்.