பூட்டிய அறையில் என் மகள்

மூன்றாவதோடு பள்ளியை விட்டவன் நான். தியாகதுருகத்தில் ரைஸ்மில், கடை, மாடி வீடு எல்லாம் தனி ஆளாகக் கட்டினேன். கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் இருந்தபடியே என் மகள் ஒரு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கவனம் நிலைக்காத ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னதை நான் சோம்பல் என்றேன்.

ஒரு நாள், கொடுத்ததை மாலைக்குள் முடிக்காவிட்டால் அவள் வேலை போய்விடும் என்றாள். அரவை ஓடும்போது மில்லுக்குள் யாரையும் விடாத என் வழக்கப்படி, அவளை உள்ளே வைத்து அறையை வெளியிலிருந்து பூட்டினேன். மதியம் திறந்தால், ஒரு வரிகூட எழுதாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“தனியா இருந்தா மனசு எங்கியோ ஓடுதுப்பா. பேசாம பக்கத்துல குந்திக்கினு இரு, போதும்.”

“நானா? பேசாமயா?”

“அதான் எனக்கும் பயம்,” என்று சிரித்தாள்.

விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு முடித்துவிட்டாள். மனைவி இறந்துபோன பிறகு, பக்கத்தில் இரு என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இப்போது தினமும் உட்காருகிறேன். அவள் வேலையில் பாதி என்னுடையது. அதை அவள் தன் ஆபீசில் சொல்லியே ஆகவேண்டும்.