வண்டி மூளைக்குச் சந்தனம்

காரின் வேகத்தைக் கூட்டித் தருகிற தொழிலில் ஒரே தொந்தரவு, செய்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. டயர் மாற்றினால் டயர் தெரியும். பெயிண்ட் அடித்தால் ஊரே பார்க்கும். நான் வைப்பதோ தீப்பெட்டி அளவில் ஒரு சிப்புப் பெட்டி. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் விடலாம் என்று முடிவு செய்ய வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் வயரில் இந்தப் பெட்டியை மாட்டினால் அது கொஞ்சம் தாராளமாக விடும், வண்டி சுறுசுறுப்பாகும். கண்ணுக்குத் தெரியாததை விற்றுப் பிழைக்கிற இன்சூரன்ஸ்காரர்களே, டியூஷன் வாத்தியார்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

துபாயில் பதினோரு வருடம் இதே வேலை. மகள் பிறந்ததையும் நடை பழகியதையும் போனில்தான் பார்த்தேன். போதும் என்று இராமநாதபுரத்தில் கடை போட்டேன். ஆறு மாதத்தில் கடை ஓடாவிட்டால் திரும்பப் போய்விடுவது என்று நானும் மனைவி நஸீமாவும் பேசி முடித்திருந்தோம். பழைய முதலாளி அதுவரை என் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

சத்தம் எங்கே?

முதல் வாடிக்கை, திருப்புல்லாணியில் வாடகைக் கார் ஓட்டும் சேதுராமன் அண்ணன். மாட்டியதும் உச்சிப்புளி வரை ஓட்டிப் பார்த்தார். முன்னால் போன பஸ்ஸை அலுங்காமல் முந்தினார், முகமெல்லாம் சிரிப்பு. கடைக்குத் திரும்பியதும் சிரிப்பைக் காணோம். பானெட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வண்டி பிச்சுக்கிட்டுத்தான் போகுது பாய். ஆனா சத்தம் கொஞ்சங்கூடக் கூடலையே? வீட்ல என்னத்தக் காட்டி நம்ப வைப்பேன்?"

குளிப்பாட்டிய கதை

ஆயுத பூஜைக்கு மறுநாள் சிக்கல் கிராமத்திலிருந்து விவசாயி கருப்பையா போன் செய்தார். போன வாரம் சிப்பு மாட்டிய கார் கிளம்பவே இல்லையாம். 'சிப்பு வச்சா எஞ்சின் போயிரும்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் கடையைச் சாத்த வேண்டியதுதான். பைக்கில் பறந்தேன்.

பானெட்டைத் திறந்தால் சந்தன வாசனை. பூஜைக்காகப் பம்புசெட் ஓஸைப் பிடித்து எஞ்சினையே குளிப்பாட்டியிருக்கிறார். என் பெட்டிக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். வயர் மாட்டுகிற இடமெல்லாம் தண்ணீர். அவர் மகள் தலை காயவைக்கிற மெஷினை வாங்கி ஒரு மணி நேரம் காட்டினேன். வண்டி உறுமியது, எனக்குப் போன உயிர் வந்தது. இதைப் போய் யாராவது குளிப்பாட்டுவார்களா என்று கோபமாகவே கேட்டேன். அவர் அசரவில்லை.

"வண்டிக்கு மூளையே இங்கனதான் இருக்குன்னு நீங்கதான சொன்னீக. மூளை சூடாகாம இருக்கச் சந்தனம் வச்சது ஒரு குத்தமா?"

விற்காத சிப்பு

ஆறாவது மாதம், கடை இன்னும் ஓடவில்லை. பாம்பனிலிருந்து அருளப்பன் மீன் வேனோடு வந்தார். பாலத்தில் ஏறவே வண்டி திணறுகிறது, சிப்பு மாட்டுங்கள் என்றார். பிரித்துப் பார்த்தால் எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி விடுகிற ஏர் ஃபில்டர் முழுக்கக் கடற்கரை மண். புது ஃபில்டர் போட்டு, சிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆசையாக வந்தவர் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார். வந்த ஒருத்தரையும் விரட்டிவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல்.

அன்று சாயங்காலம் துபாய்க்குப் போன் போட்டு, வருகிறேன் என்றேன். நஸீமா என் சட்டைகளை மடித்து வைத்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

நாலாம் நாள் காலை கடை வாசலில் ஐந்து மீன் வேன்கள் நின்றன. முன்னால் அருளப்பன். வண்டி இப்போது பாலத்தில் துள்ளிக்கொண்டு ஏறுகிறதாம். மற்றவர்களுக்கும் சிப்பு வேண்டுமா, ஃபில்டர் வேண்டுமா என்று கேட்டேன்.

"அத நீங்கதான் பாத்துச் சொல்லணும் பாய். நீங்க மாட்டணும்னா கண்ண மூடிக்கிட்டு மாட்டிக்கிறோம். சிப்பு விக்கிற ஆளே சிப்பு வேணாம்னு சொன்னத நாங்க இப்பத்தான் பாக்குறோம்."

அன்றே துபாய்க்கு மறுபடி போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சிப்பு மாட்டிப் பிழைக்க வந்தவன் பாதி நாள் ஃபில்டரில் மண் தட்டித்தான் பிழைக்கிறேன், ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகிறேன்.