மரக்கடை விஜயனின் மூக்கு

பலகையின் முனையைக் கத்தியால் சீவி, அந்தச் சீவலை மூக்கருகே பிடித்திருந்த விஜயனிடம், அது என்ன மரம் என்று குணபூசணி கேட்டாள். மலேசியாவின் கிள்ளான் நகரில் இருந்த அந்த மரக்கடையின் அலுவலகத்தில் அவள் சேர்ந்த புதிது.

"மோந்து பாரு தங்கச்சி. கற்பூர வாசம் வந்தா காப்பூர். வரலைன்னா கெருயிங்."

இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன என்றாள் அவள்.

"அண்ணன் தம்பி மாதிரி லா. தம்பிதான் மோசம். வெயில் பட்டா பிசின் பிசினா அழுவான்."

சளி பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அன்னிக்கு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி லீவு எடுத்துடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கனமரம் எதையும் விஜயன் தரையில் படவிடமாட்டார். பலகைக்குப் பலகை இடையே சட்டம் வைத்துக் காற்றுப் போக வழிசெய்வார். வெடிக்காமல் இருக்க முனைகளில் மெழுகு பூசுவார். மழையில் நனைந்தால் மெர்பாவ் மரம் பழுப்புச் சாயம் விடும். அதற்காகத் தன் மழைக்கோட்டைக் கழற்றி மரத்துக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவார்.

அடுத்த ஆண்டு வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் யாரோ டுரியான் பழத்தை வைத்துவிட்டுப் போக, அதன் நாற்றம் தாங்காமல் எல்லாரும் வெளியே ஓடினார்கள். விஜயன் மட்டும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். குணபூசணிக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து பூச்சோங்கில் ஒரு புது வீட்டின் தரை பிசின் கசிந்தது. காப்பூர் என்று விஜயன் அனுப்பியது கெருயிங். தரையில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு மாமியார் எழுந்தபோது சேலை எழ மறுத்ததாம். லோரி ஓட்டும் பக்கிரிசாமி நடித்தே காட்டினார். 'தவுக்கே' என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு முறை தவறினால் மரம் பார்க்க வேறு ஆள், விஜயன் மூட்டை தூக்கப் போகலாம் என்றார்.

தான் ரகசியமாக மோந்து சொல்வதாகக் குணபூசணி சொன்னாள்.

"நீ கல்யாணம் பண்ணிப் போயிட்டா, உன் மூக்கை இங்க விட்டுட்டுப் போவியா?"

மறுநாள் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். முனையை வழவழவென்று சீவிப் பார்த்தால் காப்பூரில் வெள்ளைக் கோடு வளைந்து நீளமாக ஓடும். கெருயிங்கில் அது துண்டு துண்டாக நிற்கும். மதிய இடைவேளைகளில் மரத்துண்டுகளைப் பரப்பிப் பழகினார். முதலில் நிறையத் தவறினார். பிறகு தவறுவது அபூர்வமாயிற்று.

அடுத்த லோரி வந்து நின்றபோது முதலாளியும் வாசலில் நின்றார். விஜயன் குணபூசணியைக் கூப்பிட்டு, புதுச் சீவலை அவள் கையில் கொடுத்தார்.

"நான் கண்ணால பாத்துச் சொல்றேன், நீ மோந்து பாரு. தப்பா இருந்தா என் காதுல சொல்லாத தங்கச்சி. சத்தமா சொல்லு. தவுக்கேக்குக் கேக்கணும்."