நைட் ஷிஃப்ட் வாரத்துப் பள்ளிக்கூடம்

விக்னேஸ்வரி தன் மகனை என் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று எனக்கு நல்ல கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதி பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் ஈப்போ நகரில், ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடியிருப்பில், மூலை வீட்டில், பதினெட்டு வருடமாகப் பாலர் பள்ளி நடத்துகிறேன். பியாட்ரிஸ் டீச்சர் என்றால் ஊருக்கு அந்தக் கோடியிலுள்ள சிம்பாங் பூலாய் வரைக்கும் தெரியும் என்று என் கணவர் கிண்டல் செய்வார். எனக்கு அது கிண்டலாகப் பட்டதே இல்லை. விக்னேஸ்வரி நாலு வீடு தள்ளி இருக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள், இப்போது வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். கணவர் தனேஸ்வரனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் சொன்னால் கிலாங்கில், மிஷின் வேலை. பவித்ரனுக்கு ஆறு வயது, கவிநயாவுக்கு நாலரை.

பவித்ரன் என்னிடம் நாலு மாதம் படித்தான். அந்த நாலு மாதத்தில் அவன் குரலை நான் கேட்டதில்லை. பென்சில் பிடிப்பான், தலையாட்டுவான், வாசிக்கச் சொன்னால் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில், கேட்டருகே இன்னும் நாலைந்து அம்மாக்கள் நிற்கும்போது, "பையன் கொஞ்சம் மெதுவா இருக்கான், விக்னேஸ்" என்று சொன்னேன். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோனாள். மறுநாள் அவன் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போகிறாளாம்.

ஜனவரியில் அவன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேரவேண்டும். அதற்குள் ஒரு தையல்காரி என்னத்தைப் படிப்பித்துக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். தனேஸ்வரனும் ஏறக்குறைய அதையே நினைத்திருக்கிறார். சண்டை போடாமல் ஒரு கெடு மட்டும் வைத்தார்.

"தீபாவளிக்குள்ள அவன் தமிழ்ல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா தீபாவளி முடிஞ்ச கையோட டீச்சர்கிட்டயே திரும்பப் போயிடணும். சரியா?"

"சரி" என்றாள் அவள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் ரவிக்கைகளை அவள்தான் தைக்கிறாள். கோபம் ஒரு பக்கம் இருக்கலாம், நல்ல தையல்காரியிடம் பேச்சை முறித்துக்கொள்ள முடியுமா? அளவு கொடுக்கப் போவேன், அவள் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லுவாள்.

முதலில் எந்தப் பாடத்திட்டம் என்பதிலேயே திண்டாடினாள். இணையத்தில் ஓர் ஆங்கிலப் பாடத்திட்டம் கிடைத்தது. அதை முந்நூறு பக்கம் அச்சடித்து, துளை போட்டு, கோப்பில் அடுக்கினாள். முதல் பாடத்திலேயே, வீட்டின் நிலவறைக்குப் போய் ஐந்து பொருட்களை எடுத்து வரவேண்டும் என்று இருந்தது. நிலவறை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் தேடச் சொன்னாள். அங்கே ஒரு பல்லியும், காணாமல் போயிருந்த தனேஸ்வரனின் ஒரு காலுறையும் கிடைத்தன.

அடுத்தது மலாய். கடையில் விற்கிற பா, பி, பு எழுத்துக்கூட்டல் புத்தகங்களில் ஆறு வாங்கினாள். கவிநயா அவற்றைத் தெருவுக்கே கேட்கும்படி பாடினாள், பவித்ரன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தமிழுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். அங்கே இருந்த அம்மா ஒருவர், இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்யாமல் ஒரு சொல்லைக்கூடக் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவரில் பெரிய அட்டை தொங்கியது. ஙகர வரிசைக்கு வந்ததும் பவித்ரன் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தான். ஒரு காலையில் ஏழு தடவை போனானாம்.

"எல்லாத்தையும் சேத்து ஊட்டிட்டேன் டீச்சர். பிள்ளைக்கு வயித்த வலிக்காம என்னா செய்யும்?" என்றாள்.

பாடத்திட்டமே இப்படி என்றால் நேர அட்டவணையை என்ன சொல்வது? என் பள்ளியைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ரோஷம். ஏழரைக்குச் சீருடை, ஏழே முக்காலுக்குச் சபைகூடல், எட்டுக்குக் கணக்கு, எட்டே முக்காலுக்கு மலாய் என்று எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தாள். பாட நேரத்தில் அம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும். தனேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுக்கு ஆள் நிக்க வச்சுப் பேர் கூப்புடுவாங்களே, அதுமாதிரில்ல இருக்கு. கங்காணியம்மா, எனக்கும் பேர் போட்டுக்குங்க" என்று கேலி செய்தார்.

அந்தக் கேலியும் நைட் ஷிஃப்ட் வாரம் வரும்வரைதான். அவருக்கு ஒரு வாரம் காலை வேலை, மறுவாரம் மத்தியானம், அதற்கடுத்த வாரம் இரவு. இரவு வாரத்தில் காலை ஏழரைக்கு வந்து, எட்டரைக்குப் படுத்து, இரண்டு மணி வரை தூங்குவார். எட்டே முக்காலுக்குக் கவிநயா பா, பி, பு என்று எடுத்துவிட்டால் அந்தச் சின்ன வீட்டில் யார் தூங்குவது? மூன்றாம் நாள் கைலியோடு எழுந்து வந்தார்.

"தூக்கம் இல்லாம போயி மிஷின்ல கைய வுட்டுட்டேன்னா, கிலாங்குல வந்து நீயா எடுத்துக் குடுப்ப?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்றாள். அந்த வாரம் முழுக்கப் பாடம் இல்லை. மறுவாரம் பழையபடி தொடங்கினால் பிள்ளைகளுக்கு எல்லாம் மறந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து விழுகிற அட்டவணையை அவள் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப நிறுத்திக்கொண்டிருந்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒருநாள் பதினோரு மணிக்கு, பாடத்தின் நடுவில், பவித்ரன் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தான். "டீச்சர், எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காலையிலிருந்து அம்மாவைக் காணோம் என்றுதான் கேட்டான்.

அன்றைக்கே அட்டவணையைச் சுவரிலிருந்து உரித்துவிட்டாள். சீருடை அலமாரிக்குப் போயிற்று. முந்நூறு பக்கக் கோப்பிலிருந்த தாள்களின் பின்பக்கத்தில் இப்போது ரவிக்கை அளவு எழுதுகிறாள். மலாய்க்கு ஒரே புத்தகம், தமிழுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள மெல்லிய புத்தகம் ஒன்று, கணக்குக்குப் பொத்தான் டப்பா. இவ்வளவுதான் பாடத்திட்டம். அவள் இதைச் சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நேரத்துக்கு அவள் கண்டுபிடித்த வழியைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தை விட்டுவிட்டு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குக் காலை வேலை என்றால், அவர் கிளம்பியதும் பசியாறிவிட்டுச் சத்தமாகப் பாடம், பத்து மணிக்கு முடிந்துவிடும். மத்தியான வேலை என்றால் காலையில் அப்பாவோடு சந்தைக்குப் போய் மீன் எண்ணுவது, கத்தரிக்காய் நிறுப்பது. புத்தகம் சாயங்காலம்தான். இரவு வேலை என்றால் பின்பக்கச் சமையலறையில், கிசுகிசுவென்று பாடம். ஐஸ் பெட்டியைத் தாண்டிச் சத்தம் போனால் ஆட்டத்திலிருந்து வெளியே. கவிநயா அந்த வாரம் முழுக்க வெளியேதான் இருந்தாளாம்.

இரண்டாவது இரவு வாரத்தில் அது நடந்தது. விக்னேஸ்வரி முக்காலியில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பவித்ரன் பக்கத்தில் வந்து, அவள் காதோடு வாயை வைத்து, "படகு ஆற்றில் போகிறது" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்காத பக்கம் அது. அவளுக்குக் கை ஓடவில்லை. அன்று அவள் தைத்தது என் ரவிக்கையைத்தான். ஒரு கை கொஞ்சம் பிடிப்பதற்கு அதுதான் காரணம் என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவு வாரத்திலும் வாசித்தான், கிசுகிசுப்பாக மட்டும். சத்தமாக வாசி என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். மற்ற வாரங்களில் அப்பா விழித்திருந்தால் அதுவும் கிடையாது. ஆக, அவன் வாசிப்பதை அவனுடைய அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.

"நீ பாசத்துல சொல்ற. நான் கேக்கலயே" என்று தனேஸ்வரன் சொல்லிவிட்டார். அவர் படித்தது மலாய்ப் பள்ளியில், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில் என்னிடம் வந்தார். "நீங்க வந்து பாருங்க டீச்சர். நீங்க சொன்னா நான் ஒத்துக்குவேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மனப்பாடம் செய்திருந்தால் பிடித்துவிடலாம் என்று, அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காத ஒரு புதுப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் முறுக்கு வாசனை. தைத்து முடிக்காத தீபாவளி ரவிக்கைகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. தனேஸ்வரன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பவித்ரனை எதிரே உட்காரவைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவன் பக்கத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு மாதம் நான் பார்த்த அதே முகம்.

"வாசிண்ணே" என்று கவிநயா முழங்கையால் இடித்தாள். அவன் அசையவில்லை. நான் தனேஸ்வரனைப் பார்த்தேன். அவர் ஜெயித்த முகத்தோடு இருப்பார் என்று நினைத்தேன். அவரோ தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல டா தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஏனோ அங்கே உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை.

விக்னேஸ்வரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தாள். "நீங்க உள்ள போயி படுங்க" என்றாள் கணவரிடம்.

"இப்பவா? ராத்திரியெல்லாம் தூங்குனேனே."

"படுங்க லா."

அவர் ஒன்றும் புரியாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் பிள்ளைகளைச் சமையலறைக்கு, ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கொஞ்சம் குனியணும் டீச்சர்" என்றாள்.

முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தேன். அறையிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. படுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லாரி மேடு ஏறுகிற மாதிரி ஒரு குறட்டை. பவித்ரன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தோள் இறங்கியது. புத்தகத்தைத் திறந்தான்.

முதலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னும் குனிந்தேன். பிறகு கேட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று சந்தைக்குப் போகிற கதை. ஆற்றங்கரை என்ற சொல்லில் நின்றான், இரண்டாகப் பிரித்துப் பார்த்தான், சேர்த்துச் சொன்னான். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், இந்த ஆடு ஏன் அழுவுது?" என்று கேட்டான். நாலு மாதம் என்னிடம் வாயே திறக்காதவன் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கும் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "தெரியல. அடுத்த பக்கத்துல இருக்கும்" என்றேன்.

அந்த நாலு மாதமும் நான் அவனிடம் சொன்னதெல்லாம் "சத்தமா, சத்தமா" என்பது ஒன்றுதான். அவன் ஒருவேளை வாசித்துக்கொண்டே இருந்திருக்கலாம். பதினெட்டு வருட அனுபவத்தோடு நான் ஒருநாளும் குனிந்து கேட்கவில்லை.

"நான் அன்னிக்குக் கேட் பக்கத்துல நின்னு சொன்னது தப்பு, விக்னேஸ். அத்தன பேரு முன்னால சொன்னது அதவிடத் தப்பு. இவன் ஜனவரி வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சத்தம் பொறவு வரும் டீச்சர்."

பவித்ரன் இப்போது தங்கைக்கு வாசித்துக்கொண்டிருந்தான். தனேஸ்வரனிடம் சொல்லலாம் என்று எழுந்து போய் அறைக் கதவை லேசாகத் திறந்தேன். இஸ்திரி கலையக்கூடாது என்று மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது, இரண்டு பக்கமும் காதுவரை ஈரம். கதவுவழியாக மகனின் கிசுகிசுப்பு ஏதாவது அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் குறட்டையை மட்டும் நிறுத்தவில்லை.

"வாசிக்கிறானா டீச்சர்?" என்று ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில் உதட்டை மட்டும் அசைத்தார்.

நல்லா வாசிக்கிறான் என்று தலையாட்டினேன்.

"நான் எந்திரிக்கலாமா?"

"இன்னும் நாலு பக்கம் இருக்கு. படுங்க" என்றேன்.