பிரிண்டர் மேல் விழுந்த பழி

யார் முகத்தையும் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்துப் பேர் வாங்கிய ஸ்டுடியோக்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. மனைவியோடு எடுத்துக்கொண்ட படத்தில் அவர் முகம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. மையை மாற்றினார், பிரிண்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார். எத்தனை பிரதி போட்டாலும் அதே சாம்பல்.

சளியே பிடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, பேட்டரியோடு இணைத்து, வெள்ளி கரைந்த அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காக வேளை தவறாமல் குடிப்பவர் அவர். மனைவி ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

"மெஷின்லதான் கோளாறு!" என்று மறுபடி பட்டனைத் தட்டப் போனார்.

மனைவி படத்தை அவர் மூக்கருகே நீட்டினாள். "அப்போ பக்கத்துல நிக்கிற நான் மட்டும் எப்படிங்க என் நிறத்துலயே இருக்கேன்?"

அவர் தன் கன்னத்தை அழுத்தித் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை; குடித்த வெள்ளி நகத்தில்கூடச் சாம்பலாக ஏறியிருந்தது.