சுகந்தி அழித்த நாற்பது நிமிடம்

மெமரி கார்டு எதைச் செருகினாலும் சுகந்தி மூச்சை அடக்கிக்கொள்வாள். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் விடுவாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்துவரும் கணவன் விஜிதரன், "உனக்கு முத்துக் குளிக்கிற வேலைதான் சரி" என்பான்.

2013இல் சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை அங்கே செய்தார்கள். நிரந்தரமாக்குவதா அனுப்பிவிடுவதா என்று பார்க்கும் மூன்று மாதத்தின் கடைசி வாரம் அது. நூற்றிருபது பலகைகளை ஏற்றிப்போக நான்கு மணிக்கு வண்டி வரும். கார்டைச் செருகினால் புதிய மென்பொருள் தானாக ஏற வேண்டும். ஏறவில்லை. சிவப்பு விளக்கு மூன்று தரம் கண்ணடித்தது. மேலாளர் டானியேல் இரண்டு நாளாக மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சுகந்திக்குக் கார்டுகள்மேல்தான் சந்தேகம். எல்லாம் புதியவை, பெரியவை. கோப்புகளைப் புதுமுறையில் அடுக்குபவை. பலகைக்கோ பழைய அடுக்குத்தான் வாசிக்கத் தெரியும். ஒரு கார்டைத் துடைத்துப் பழைய முறைக்கு மாற்றினால் தெரிந்துவிடும். ஆனால் கம்பெனிக் கார்டைத் துடைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். கையெழுத்திடுபவர் பனிச்சறுக்கப் போயிருந்தார்.

அவளுடைய பையில் விஜிதரனின் கார்டு ஒன்று கிடந்தது. அவன் சனி ஞாயிறுகளில் விழா வீடியோ எடுப்பவன். ஓல்டன் ஊர் ஜெயமலருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு விழா அதில் இருந்தது. அவனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, இதை அழிக்கட்டோ?"

"விசரே? முதல் கொப்பி பண்ணு."

"லாப்டொப்பிலை எல்லாத்துக்கும் இடம் காணாது."

"அப்ப தேவையில்லாததை விடு. நான் ட்ராமுக்கை நிக்கிறன்."

எது தேவையில்லாதது? பல்லக்கு வேண்டும். ஆரத்தி வேண்டும். ஏழு உடுப்பு மாற்றமும் வேண்டும். மிச்சம், சனம் வரிசையாக மேடையேறி, படமெடுத்து, இறங்கும் நாற்பது நிமிடம். இதை எந்த மனிதர் பார்ப்பார்? அதை விட்டுவிட்டு மற்றதைக் கொப்பி பண்ணினாள். கார்டைத் துடைத்து, பழைய முறைக்கு மாற்றி, மென்பொருளை ஏற்றிப் பலகையில் செருகினாள்.

பச்சை எரிந்தது. டானியேல் அவளைக் கட்டிப்பிடித்து, உடனே அதற்கு மன்னிப்பும் கேட்டார். வேலை நிரந்தரமானது.

அடுத்த மாதம், வீடியோவைப் பார்த்துவிட்டு ஜெயமலர் போன் எடுத்தாள்.

"சுகந்தி, வரிசை எங்கை?"

"அது சும்மா சனம்தானே அக்கா..."

"சும்மா சனமோ? பத்து வருசமாக் கதைக்காத என்ரை அண்ணை, தாய்மாமன், சடங்குக்கு வராமல் வரிசையிலை வந்து நிண்டவர். என்ரை தோளிலை கை வைச்சவர். வேறை என்ன இருக்கு அந்த வீடியோவிலை?"

"ஏழு உடுப்பு இருக்கு அக்கா."

போன் வைக்கப்பட்டது.

சுகந்தி அந்தக் கார்டை, அழிந்ததை மீட்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். ஒரு முழங்கை மட்டும் வந்தது. யாருடையதென்று தெரியவில்லை. அண்ணனைத் திரும்பக் கூட்டிவந்து எடுத்துத் தருவதாக ஜெயமலரிடம் வாக்குக் கொடுத்தாள். பாசல் நகருக்குப் போய் அந்த அண்ணன் குகநாதனைக் கண்டாள்.

"நான் போனனான் பிள்ளை. இனி அவள்தான் இஞ்சை வரோணும்."

ஜெயமலரோ, "அவர் வந்தவரெண்டு இப்ப ஆர் நம்புவினம்? வீடியோவிலை இல்லையே" என்றாள்.

ஜெயமலரின் மகள் ஹரிஷா இப்போது பாசலில் வேலை செய்கிறாள். மாமா வீட்டுக்கு இரண்டு ட்ராம் தரிப்பு. வெள்ளிக்கிழமைகளில் அங்கேதான் சாப்பாடு. அம்மாவும் மாமாவும் இன்னும் கதைப்பதில்லை. தோளில் கை வைத்த அந்த நான்கு விநாடியைச் சுகந்தி இன்னும் கொடுக்கவில்லை.