முகூர்த்தப் பட்டுக்குள் ஓர் அட்டை

முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறேன் என்று கடையில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்; சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிட்டேன். சமூக அறிவியல் மட்டும் சனியன் மாதிரி காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து பாஸ் என்றால் பில் போடும் இடத்தில் உட்காரலாம். தியாகராய நகரில் பட்டுப்புடவைப் பிரிவில் பதினோரு வருஷம் நின்றே தேய்ந்த காலுக்கு அந்த நாற்காலி போதும்.

என் பக்கத்தில் நின்று புடவை காட்டியவளும் அதே பரீட்சைக்குத்தான் என்னோடு விண்ணப்பித்திருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். கடை விடுதியில் தங்கியிருந்தாள். தேறாமல் ஊருக்குப் போனால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று பயம். அவள் எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் புத்தகத்தை விரிப்பாள். என் ரகசியம் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். இறையாண்மை, ஏகாதிபத்தியம், ஒத்துழையாமை... வாயில் நுழைந்தால் அல்லவா மண்டையில் தங்கும்!

யோசனை என்னுடையது. பட்டு விறைப்பாக நிற்க மடிப்புக்குள் ஓர் அட்டை வைப்போம். அதில் ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம் என்று நான் எழுதினேன். புடவையை விரிக்கும்போது வார்த்தையைப் பார்த்து மனதுக்குள் அர்த்தம் சொல்லிக்கொள்வோம். புடவை விற்றால் அட்டையை உருவிவிட வேண்டும் என்று பேச்சு.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒன்றை உருவ மறந்தேன். மறந்தது நான்தான்.

மறுநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து அட்டையை மேலாளர் முன்னால் வீசினார்.

"கூறைப் புடவைக்குள்ள 'படுகொலை'ன்னு எழுதி வெச்சிருக்கேளே, நன்னாயிருக்கா? பின்னாடி அதுக்கு அர்த்தம் வேற! கல்யாணப் பொண்ணு ஆத்துல அழுதுண்டு உக்காந்திருக்கா!"

சுதந்திரப் போராட்டப் பாடத்துக்காக எழுதியது அது. கல்யாண வீட்டில் போய் அதை விளக்க முடியுமா?

"எவ எழுதுனது?" என்றார் மேலாளர். எல்லார் கண்ணும் தென்காசிக்காரி மேல் போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்வேன் என்று நம்பித்தான் பார்த்தாள். அந்த நம்பிக்கையைக் கண்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அவதான் சார் எப்பப் பாத்தாலும் படிச்சிக்கினு கீறா. எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"அக்கா!" என்றாள். அவ்வளவுதான். எழுதியது இவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி.

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. வேலையோடு விடுதியும் போயிற்று. மறுநாள் அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போனார்.

மூன்று வாரம் கழித்து, சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. எங்களுக்கு அடுத்தடுத்த எண்கள். எனக்கு முன்பெஞ்சு அவளுடையது. மணி அடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரமாட்டாளா என்று ஏங்கியதாகப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்த்தேன். அவள் எண்ணுக்கு நேரே 'வரவில்லை' என்று கண்காணிப்பாளர் குறித்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வினாத்தாளைப் பிரித்து எழுதத் தொடங்கினேன்.